அடிக்கல் உண்டு, அடிநிலம் எங்கே?

தீவகத்துக்கு நற்காலம் பிறந்துவிட்டதாம்! மேடை ஏறுகின்ற ஒவ்வொருவரும் இதையே சொல்லி இறங்குகின்றனர். மண்டைதீவிலே உலகத் தரத்தில் ஒரு துடுப்பாட்ட அரங்கு. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் அனலைதீவிலும் காற்றாடிகளும் கதிரொளித் தகடுகளும். போதாக்குறைக்கு இறங்குதுறைகள், விடுதிகள், மாடி வீடுகள்! கேட்கக் கேட்கச் செவி குளிர்கின்றது. வேண்டாமென்று சொல்ல நாம் முற்படவில்லை. வெய்யிலிலும் உப்புக் காற்றிலும் வாடிக் கிடந்த மக்களுக்கு வாராத வாழ்வு வருமாயின், அதனை வாழ்த்தி வரவேற்கும் முதற்குரல் நம்முடையதாகவே இருக்கும்.

ஆயினும் ஒன்று கேட்கின்றோம். அடிக்கல் நாட்டுகின்றீர்களே, அந்தக் கல்லுக்கு அடியில் என்ன இருக்கின்றது?

சிரிக்க வேண்டாம். விழாப் பந்தலைப் பிரித்த மறுநாளே எழவேண்டிய வினா இதுதான். கல்லை நாட்டியவர் காரேறிப் போய்விடுவார். கட்டிடம் மட்டும் அங்கேயே நிற்கும். அதற்குள் வாழப்போகின்றவர், அதன் நிழலில் பிள்ளைகளை விளையாட விடப்போகின்றவர், அது வெடித்தாற் கடன்பட்டுத் திருத்தப்போகின்றவர் தீவக மக்களே. ஆதலின் இந்த வினாவை எழுப்பும் உரிமையும் அவர்களுக்கே உரியது.

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் நாள் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் துடுப்பாட்ட அரங்குப் பணியைத் தொடக்கி வைத்தார். கடல்நீரேரியின் ஓரத்துத் தாழ்நிலம் அது. ஈரநிலத்தையும் கண்டற் காட்டையும் காட்டிச் சுற்றாடல் ஆர்வலர் எதிர்ப்புரைத்தனர். அவர்கள் பறவைக்கும் மீனுக்கும் வாதாடினர், நன்று. அதே நிலத்தைப் பார்த்து நாம் வேறொன்று கேட்கின்றோம். நீரேரி ஓரத்துச் சேறு எத்தனை அடி? அதன் கீழ் மணல் எத்தனை அடி? பாறை எங்கே தொடங்குகின்றது? தொடங்குகின்ற பாறை முழுப் பாறையா, பொந்துப் பாறையா? இச்சோதனைகள் நடைபெறவில்லை என்று நாம் குற்றஞ் சாட்டவில்லை. நடைபெற்றிருந்தால் அதன் முடிவை மக்கள் முன் வையுங்கள் என்றே கேட்கின்றோம். கல் நாட்டுவதை ஊரறியச் செய்கின்றவர்கள், மண் சோதித்ததை மட்டும் ஊரறியாமல் வைப்பதேன்?

மின்திட்டத்தின் கதையைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டு சனவரியில் மூன்று தீவுகளின் மின்திட்டம் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா முகஞ் சுளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சீனத் தூதரகம், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையாற் பணி நின்றதென அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை. 2024 மார்ச் 1ஆம் நாள் இந்திய நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம். 530 கிலோவாட்டு காற்றுமின், 1,700 கிலோவாட்டு கதிரொளிமின் என்று கணக்கும் வெளிவந்தது. இரண்டு பெருநாடுகள் மூன்று சிறு தீவுகளுக்காக மல்லுக்கு நின்ற காட்சியை உலகமே பார்த்தது. எவர் கம்பம் நாட்டுவது என்பதிலே மூன்றாண்டு வழக்கு! கம்பம் நாட்டப்படும் நிலம் எப்படிப்பட்டது என்பதைப் பற்றிப் பொதுமேடையில் ஒருநாள் வழக்காவது நடந்ததா? காற்றாடி என்பது வெறும் பாரமன்று. வீசுங் காற்று அதனை ஒருபுறமாய்ச் சாய்க்கப் பார்க்கும். சாயாமற் பிடித்து நிற்க வேண்டியது அத்திவாரம். அத்திவாரத்தைப் பிடித்து நிற்க வேண்டியது நிலம். சீனமோ இந்தியமோ, நிலத்துக்கு இராசதந்திரம் தெரியாது.

“தீவகமெல்லாம் கல், தோண்டினாற் பாறை. பாறைமேற் கட்டுவதற்குச் சோதனை எதற்கு?” என்று எதிர்வாதம் எழும். இந்த வாதத்தை ஒப்பந்தகாரர் வாயிலும் கேட்கின்றோம். படித்தவர் வாயிலும் கேட்கின்றோம். தீவக நிலத்தைப் பற்றிய மிகப் பெரிய மயக்கம் இதுவே. ஆகவே இதனை வேரோடு பிடுங்கிப் பார்ப்போம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டினதும் தீவுகளினதும் அடியிற் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அது கருங்கல் அன்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை அரைத்து எரித்தது இந்தக் கல்லின் இனத்தைத்தான். மழைநீர் வானத்திலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாய் இறங்குகின்றது. இறங்கும் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கின்றது. நூறாயிரம் மழைக்காலம் இவ்வாறு கரைத்தால் என்ன ஆகும்? வெடிப்பு வாய்க்காலாகும்; வாய்க்கால் பொந்தாகும்; பொந்து குகையாகும்; குகையின் கூரை ஒருநாள் உள்ளே விழும். புத்தூரில் நிலாவரை என்ன? கூரை விழுந்த குகையன்றோ! அங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று நம் பாட்டிமார் சொன்ன கதையிற் பழம் போயிருக்குமோ இல்லையோ, நிலத்துக்கடியில் வழி உண்டென்ற அறிவு அக்கதையில் இருக்கின்றது. பாட்டிக்குத் தெரிந்தது பணிப்பாளருக்குத் தெரியாதா?

இப்படிப்பட்ட கல்லின் மேல்முகம் தளம்போலத் தட்டையாயிருப்பதில்லை. ஓரிடத்தில் முழங்கால் ஆழத்திற் பாறை தட்டும். பத்தடி தள்ளி ஆள் ஆழம் தோண்டினாலும் செம்மண்ணோ மணலோ களியோதான் வரும். கூர்கூராய்ப் பாறை, இடையிடையே மண் நிறைந்த பிளவு. அதன்மேல் எழுகின்ற வீட்டின் ஒரு மூலை கல்லிலும் மறுமூலை மண்ணிலும் நிற்கும். கல்லில் நின்ற மூலை அசையாது. மண்ணில் நின்ற மூலை சிறிது சிறிதாய் இறங்கும். வீடு முழுவதும் ஒரே அளவாய் இறங்கினால் பெருங்கேடில்லை. ஒருபுறம் இறங்கி ஒருபுறம் நின்றால், சுவர் படிக்கட்டுப்போல வெடிக்கும், நிலை கோணும், கதவு சாத்தாது. சீமெந்தைக் குழைத்து வெடிப்பை அடைப்பார்கள். மறுமாரியில் மறுபடியும் வெடிக்கும். மேசன்மாரைத் திட்டுவார்கள். பாவம், மேசன் என்ன செய்வான்? அவன் கண்ணுக்குச் சுவர் தெரியும். சுவருக்குக் கீழே பதினைந்தடி ஆழத்திற் கிடப்பது தெரியுமா?

தெரிந்துகொள்ள வழியே இல்லையா? உண்டு; நூறாண்டுக்கு மேலாக உண்டு. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொசுத்தன் நகரிற் சார்ல்சு கோ என்ற கட்டிட ஒப்பந்தகாரர் குழாயொன்றைச் சம்மட்டியால் அடித்து மண்ணுள் இறக்கி மாதிரி எடுக்கத் தொடங்கினார். அந்த வழக்கம் வளர்ந்து செப்பமடைந்தது. மண்ணியற் பொறியியலின் தந்தை எனப் போற்றப்படும் தெர்சாகி 1947இல் அதற்கு “நியம ஊடுருவற் சோதனை” என்ற கருத்துப்படப் பெயரிட்டார். செய்முறை எளிது. நிலத்தில் துளையிட்டு, இரண்டாய்ப் பிளக்கக்கூடிய ஒரு குழாயை அடியில் நிறுத்துவர். 63.5 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிடுவர். முதல் 15 சென்ரிமீற்றருக்கு விழுந்த அடிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. அடுத்த 30 சென்ரிமீற்றர் இறங்க எத்தனை அடி வேண்டியிருந்தது என்பதே எண். மணலில் அவ்வெண் 4இற்குக் குறைந்தால் பொலபொலத்த நிலம். 10 முதல் 30 வரை நடுத்தரம். 50ஐத் தாண்டினால் மிக இறுகிய நிலம். குழாயைப் பிளந்தால் உள்ளே மண்ணின் மாதிரியும் கையிற் கிடைக்கும். நிலம் தன் வாயால் தன் கதையைச் சொல்லும் முறை இது.

ஆனால் கேளுங்கள், இங்கேதான் சூழ்ச்சி நுழைகின்றது. ஒரே ஒரு துளை இடுவார்கள். ஐம்பது அடியில் குழாய் இறங்க மறுக்கும். “பாறை கிடைத்துவிட்டது, மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை” என்று எழுதிக் கையொப்பமிடுவார்கள். கருங்கல் நாட்டிலே இது ஒருவேளை பொருந்தலாம். சுண்ணாம்புக்கல் நாட்டிலே இது தற்கொலைக்கு ஒப்பு! குழாய் தட்டியது பாறையின் ஓடாக இருக்கலாம். ஓட்டுக்குக் கீழே வெறும் பொந்தோ, குழைந்த மண் நிறைந்த குகையோ இருக்கலாம். கதவைத் தட்டிப் பார்த்து வீட்டுக்குள் ஆளில்லை என்று தீர்மானிப்பவனைப்போல, ஓட்டைத் தட்டிப் பார்த்து உள்ளே குகையில்லை என்று தீர்மானிக்கலாமா? சம்மட்டி மறுத்த இடத்திலிருந்து சுழல் துளைப்பான் தொடங்க வேண்டும். பாறையை உருளைத் துண்டாய் அரிந்தெடுத்து, எத்தனை பங்கு முழுத்துண்டாய் வந்தது, எங்கே துளைக்கோல் திடீரென விழுந்தது, எங்கே துளையிடும் நீர் வெளியே வாராமல் உள்ளேயே மறைந்தது என்பதையெல்லாம் பதிய வேண்டும். துளைகளுக்கு இடைப்பட்ட நிலத்தை மின்தடை அளவையால் துருவ வேண்டும். பாரந் தாங்கும் தூண் எங்கெங்கே வருகின்றதோ அங்கங்கே சோதிக்க வேண்டும். ஒரு மூலையைச் சோதித்து மூன்று மூலைக்குச் சான்று வழங்கக்கூடாது. எவ்வகைச் சம்மட்டி, அதன் விசையில் எத்தனை பங்கு குழாயைச் சேர்ந்தது என்பதையும் குறிக்க வேண்டும். அதைக் குறிக்காத எண் அரைகுறை எண்.

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் தெல்புத்து. தம் ஊர்ப் பெயர்களையெல்லாம் நம் தீவுகளுக்குச் சூட்டினார்கள். வேலணைக்கு இலைடன், காரைநகருக்கு ஆம்சுத்தர்தாம், அனலைதீவுக்கு இரொத்தர்தாம். அந்தத் தெல்புத்து நகரிலே பின்னாளில் நடந்தது என்ன? 1918 செப்டெம்பர் 13ஆம் நாள் ஒல்லாந்தில் வேசுப்பு என்ற ஊரருகே மழையில் ஊறிய இரயிற் பாதைக் கரை சரிந்து 41 பேர் மாண்டனர். அந்நாட்டார் அழுதுவிட்டுச் சும்மாயிருக்கவில்லை. மண்ணை ஆராய வேண்டுமென்று துணிந்தனர். 1934ஆம் ஆண்டில் மண்ணியல் ஆய்வுகூடம் ஒன்றைத் தெல்புத்து நகரிலேயே நிறுவினர். அந்த ஆண்டுகளிலேதான் கூம்பை நிலத்துள் அழுத்தி அதன் எதிர்ப்பை அளக்கும் “ஒல்லாந்தக் கூம்பு”ச் சோதனையும் அந்நாட்டில் உருவாயிற்று. இன்று உலகெங்கும் வழங்குகின்றது. தெல்புத்தின் பெயர் நம் தீவுக்கு வந்து முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. தெல்புத்தின் அறிவு வந்து சேரக் குறிகட்டுவானிலிருந்து வள்ளம் கிடைக்கவில்லையா?

இன்னொரு பாடமும் நம் வாசலிலேயே கிடக்கின்றது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீர் நடுவே நிற்கும் கடற்கோட்டையைக் காணாதவர் தீவகத்தில் இலர். பறங்கியர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. குடிநீர் போனபின் கோட்டையும் போயிற்று. வென்றவர்கள் உள்ளே சென்று பார்த்தபோது, வடக்கு மதிலைத் தாங்கிய மணல்மேட்டைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. கல்லால் அலைதடை கட்டியே மதிலைக் காத்தனர். பீரங்கியைத் தாங்க எழுந்த மதிலுக்குப் பகைவன் பீரங்கியில் இல்லை, அடிமணலில் இருந்தான்! ஆட்சிகள் மாறின, பாடம் மாறவில்லை.

நம் காலத்துப் பாடத்தையும் மறக்கலாமா? போர் ஓய்ந்தபின் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் தருவதாக 2016இல் அரசாங்கம் முன்வந்தது. ஒரு வீடு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா! மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பொறியியலாளர் அந்த மாதிரி வீட்டை ஆராய்ந்து அத்திவாரம் போதாதென்று எடுத்துரைத்தனர். மக்கட் பிரதிநிதிகளும் எதிர்த்தனர். இரும்பு பளபளத்தது, சுவர் பளபளத்தது, அடி மட்டும் பளபளக்கவில்லை. கண்ணுக்குத் தெரிவதைக் காட்டிக் கைதட்டல் வாங்குவதும், தெரியாததிலே காசு மிச்சம் பிடிப்பதும் கட்டிடத் தொழிலின் பழம்பிணி. அந்தப் பிணி கொழும்பில் மட்டும் உண்டென்று நாம் சொல்லமாட்டோம், நம்மூரிலும் உண்டு.

ஆம், நம்மவரையும் ஒருசொற் கேட்க வேண்டும். புங்குடுதீவிலும் வேலணையிலும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் மாடிவீடுகள் எழுகின்றன. பனியிலும் குளிரிலும் இரவுவேலை செய்து சேர்த்த பணம்! அதிலே மாபிளுக்குக் கணக்குண்டு, வாயிற் கோபுரத்துக்குக் கணக்குண்டு, நிறச்சாந்துக்குக் கணக்குண்டு. நிலஞ் சோதிக்க? “அது எதற்கு வீண் செலவு?” என்பார்கள். வீட்டுப்படம் வேறொரு நாட்டு நிலத்துக்கு வரைந்தது. கல்வீடு நம் நிலத்தில். ஆழமறியாமற் காலை விடாதே என்பது தமிழன் பழமொழி. அத்திவாரத்தை மட்டும் ஆழமறியாமல் விடலாமென்று எந்தப் பழமொழி சொல்லிற்று?

“எம் முன்னோர் சோதனை செய்தா கட்டினர்?” என்றும் சிலர் கேட்பர். செய்தனர், ஐயா, செய்தனர்! வளவிலே கிணறு வெட்டியவன் எத்தனை முழத்திற் கல், எத்தனை முழத்தில் நீர், எங்கே மண் சரிகின்றது என்று கண்ணாலே கண்டான். அந்தக் கிணறே அவன் சோதனைத் துளை. அவன் எழுப்பியதோ தாழ்ந்த வீடு, பரந்த சுவர், மேலே பனையோலை. நிலம் சிறிது அசைந்தாலும் வீடு பொறுத்தது. நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளைப் பாருங்கள். சாந்தின்றி அடுக்கிய கல், நிலம் அசைந்தால் தானும் அசைந்து நிற்கும். இன்றோ, நான்கு தூணின் மேல் இரண்டு மாடிக் கொங்கிறீற்றைத் தூக்கி வைக்கின்றோம். பாரமெல்லாம் நான்கு புள்ளியில் இறங்குகின்றது. முன்னோரின் வீட்டைக் கைவிட்டவன் முன்னோரின் நம்பிக்கையை மட்டும் சான்றுக்கு அழைப்பது முறையன்று.

“ஏழை வீட்டுக்கு இயந்திரம் கொண்டுவர முடியுமா?” என்பது அடுத்த தடை. இது நியாயமான தடை. இதற்கு நியாயமான விடையும் உண்டு. பெருங் கட்டிடத்தின் செலவோடு ஒப்பிட்டால் நிலஞ் சோதிக்கும் செலவு மிகச் சிறு பங்கே. அங்கே சாக்குச் சொல்ல இடமில்லை. சிறு வீட்டுக்கோ நான்கு மூலையிலும் நடுவிலும் ஆள் ஆழக் குழி தோண்டிப் பார்க்கலாம். இருவர் தூக்கக்கூடிய கைக்கூம்புக் கருவியால் அடித்துப் பார்க்கலாம். மாரி நீர்மட்டமும் கோடை நீர்மட்டமும் அயற்கிணற்றிலே குறிக்கலாம். அந்நீரின் உப்பை அறிந்து, அத்திவாரக் கம்பி துருவேறாதபடி அதைச் சுற்றிக் கொங்கிறீற்றைத் தடிப்பாயும் இறுக்கமாயும் இடலாம். நெடுந்தீவுக்குக் கடல்வழியன்றி வேறு வழியில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துளையிடும் இயந்திரத்தை ஏற்றியிறக்குதல் இயலாது. ஆகவே வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, காரைநகர் ஆகிய நான்கு பிரதேச சபைகளும் சேர்ந்து இலகுவான துளையிடும் இயந்திரம் ஒன்றை ஏன் வாங்கி வைக்கக்கூடாது? கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடம் இயங்குகின்றதே. அதன் மாணவர் படிப்புக்குத் தீவகத்தைவிடச் சிறந்த புத்தகம் எது?

நம் கோரிக்கை நீண்டதன்று. பொதுப்பணத்தாலோ பிறநாட்டு உதவியாலோ தீவகத்தில் எழும் எந்தக் கட்டிடத்துக்கும், அடிக்கல் நாட்டுமுன் நிலச் சோதனை அறிக்கையைப் பிரதேச சபை வாசலில் வையுங்கள். துளை எத்தனை, எங்கெங்கே, எத்தனை ஆழம், எண் என்ன, பாறையிற் பொந்து உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தமிழில் இருக்கட்டும், 1987இல் தமிழ் அரசகரும மொழியாயிற்று, 1988இல் வடக்கு கிழக்கின் நிருவாக மொழியுமாயிற்று, நிலத்தின் கதையை அந்நிலத்தார் மொழியிற் சொல்ல இன்னும் என்ன தடை? வெட்டப்படும் ஒவ்வொரு கிணற்றின், துளைக்கப்படும் ஒவ்வொரு துளையின் விபரத்தையும் சபைகள் ஏடொன்றிற் பதிந்து வரட்டும். பத்தாண்டு பதிந்தால் தீவகத்தின் அடிநிலப் படம் நம் கையில் இருக்கும். பின்வரும் ஏழை அந்த ஏட்டைப் பார்த்தே அத்திவாரம் வெட்டுவான்.

தரமறுத்தால்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கின்றது? தீவக இளைஞர்களே! விழாவுக்கு மாலை கட்டும் கையால் ஒரு விண்ணப்பமும் எழுதுங்கள். மண்டைதீவு அரங்குக்கு ஒன்று. மூன்று தீவுகளின் காற்றாடிகளுக்கு ஒன்று. உங்கள் ஊரிற் புதிதாய் எழும் பாடசாலைக் கட்டிடத்துக்கு ஒன்று. பெரியோர்களே! வீட்டுப்படத்தைக் கொண்டுவரும் பொறியியலாளரிடம் விறாந்தையின் அகலத்தைக் கேட்குமுன் அடிநிலத்தின் எண்ணைக் கேளுங்கள். சபை உறுப்பினர்களே! கட்டிட அனுமதிப் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் அந்த ஒரு தாளைக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை.

வளர்ச்சிக்கு நாம் பகையல்லோம். வளர்ச்சி நிலைக்க வேண்டுமென்கின்றோம். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதை நமக்கு வேண்டாம். பொந்துக் கல்லை நம்பி மாடி எழுப்பியவன் கதையும் வேண்டாம். கல்லை நாட்டுமுன் நிலத்தைக் கேளுங்கள். நிலம் சொன்னதை ஊருக்குச் சொல்லுங்கள். அதன்பின் நாட்டுங்கள், மாலையோடு நாமும் வருகின்றோம்.